மாப்பிள்ளைக் காருக்கு மாமா போட்ட டயர்

வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கத் தொடங்கிய பிறகும் டயர் என்னை விடவில்லை. கல்முனையில் நான் வேலை செய்த கடைப் பொடியன்மார் போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அதில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். சுபஹு தொழுதுவிட்டு வந்து போனைத் திறந்தால் யாருடைய காரின் சில்லோ படமாக வந்து கிடக்கும். “காக்கா, இது சரியா?” என்று கீழே ஒரு கேள்வி; காக்கா என்றால் எங்கள் பேச்சில் அண்ணன். கடையில் இப்போது கமரா பூட்டிய இயந்திரம் ஒன்று இருக்கிறது. நாலு சில்லையும் பார்த்து எல்லாக் கோணத்தையும் தசமப் புள்ளி வைத்துத் திரையில் சொல்கிறது. ஆனால் எந்த அளவு டயரை எங்கே போடுவது என்று கேட்டால் அது வாய் திறக்காது. அதற்கு என்னைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

போன கிழமை ஒருவன் ரெண்டு பேர் மட்டும் இருக்கும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் படத்தை அனுப்பியிருந்தான். “முன்னுக்கு அகலமான டயர், பின்னுக்கு ஒடுக்கமான டயர் போட்டா கம்பீரமா இரிக்கும் எண்டு ஓனர் சொல்றார் காக்கா. போடவா?” நான் எழுத்தில் பதில் சொல்லவில்லை. குரல் பதிவில் நன்றாக ஏசினேன். அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, ஏன் கூடாது என்று காரணம் கேட்டார்கள். காரணம் குரல் பதிவில் அடங்காது. அதற்குள் ஒரு கலியாணம் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் தொழில் பழகியது பஸ் டிப்போவில். அங்கே டயர் பகுதியில் சேர்ந்து, கழற்றவும் பூட்டவும் காற்றடிக்கவும் பழகினேன். அங்கே எனக்குக் கிடைத்த பாடம் ஒன்றுதான். பஸ்ஸுக்குப் புது டயர் வந்தால் அது முன்னுக்குப் போகும், மேலே புதுத்தோல் ஒட்டிய ரீபில்ட் டயர் பின்னுக்குப் போகும். முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் சாரதியின் கையை விட்டுப் போய்விடும். பின்னுக்கு ஒரு பக்கத்துக்கு ரெண்டு சில்லு இருப்பதால் ஒன்று போனாலும் மற்றது தாங்கும். பஸ்ஸுக்கு இது சரியான சட்டம், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை.

டிப்போவில் எனக்கு மேலே இருந்தவர்தான் உதுமாலெப்பை ஹாஜியார். அவர் அங்கிருந்து விலகிக் கல்முனைப் பிரதான வீதியில் டயர் கடை போட்டபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நான் ஓய்வு பெறும் வரை அந்தக் கடையில்தான் இருந்தேன்.

ஹாஜியார் வேலை செய்வதைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள். வெள்ளைச் சாரன், வெள்ளைச் சேட், வெள்ளைத் தொப்பி. டயர் கடையில் இருந்துகொண்டு ஒரு கறை படாமல் அஸர் தொழுகைக்கு எழும்பிப் போவார். காரைப் பார்க்க மாட்டார், சாரதியையும் பார்க்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு குனிந்து, டயரின் மேலே உள்ளங்கையை வைத்து ஒருதரம் முன்னுக்கும் ஒருதரம் பின்னுக்கும் தடவுவார். பிறகு தீர்ப்புச் சொல்வார். டயரின் நடுப்பகுதி தேய்ந்திருந்தால், “நீ பயந்த ஆள். போற வாற கடையிலெல்லாம் காத்தடிச்சிரிக்காய்” என்பார். ரெண்டு கரையும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு, இல்லாவிட்டால் பாரம் கூட. நெல் வியாபாரி ஒருவர் தான் அளவுக்கு மேல் ஒரு மூட்டையும் ஏற்றுவதில்லை என்று கடைவாசலில் நின்று சத்தியம் பண்ணப் போனார். “சத்தியம் பண்ணாதீங்க, டயர் கேட்டுக்கிட்டு இரிக்கி” என்றார் ஹாஜியார். வியாபாரி வாயை மூடிக்கொண்டு டயரை மாற்றிக்கொண்டு போனார்.

அவ்வளவு கெட்டிக்காரருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. “நல்லது முன்னுக்கு” என்ற டிப்போச் சட்டத்தை அவர் பஸ்ஸோடு நிறுத்தவில்லை. வேன், கார், ட்ரக்டர் எல்லாவற்றுக்கும் அதே சட்டம்தான். பள்ளியில் முன் வரிசையில்தான் தொழுவார். விருந்துக் களரிச் சாப்பாட்டில், பல பேர் சுற்றியிருந்து ஒரே தட்டில் உண்ணும் சஹனுக்கு உட்கார்ந்தால் நல்ல இறைச்சித் துண்டுகள் எப்படியோ அவருக்கு முன்னுக்கு வந்து சேர்ந்துவிடும். கூடச் சாப்பிடுகிறவர்கள் சோற்றைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். அவரிடம் “ஹாஜியார், இது பிழை” என்று சொன்ன ஆளை நான் கண்டதில்லை. நானும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் வேறு கடையில் இருந்துதான் ஓய்வு பெற்றிருப்பேன்.

டயர் அளவு விளையாட்டுச் சாமான் இல்லை என்பதை எனக்கு முதலில் காட்டியது ஒரு வேன். அதன் சாரதி, பார்வைக்கு எடுப்பாக இருக்கும் என்று உயரமான டயர் நாலு போட்டுக்கொண்டான். சில்லு பெரிதானால் ஒரு சுற்றுக்குப் போகும் தூரம் கூடும், ஆனால் வேகமானி பழைய சுற்றையே எண்ணிக்கொண்டிருக்கும். அவன் மெதுவாகப் போவதாக நினைத்துக்கொண்டு வேகமாகப் போய்ப் பொலிஸிடம் பிடிபட்டான். “ஐயா, முள்ளப் பாருங்க” என்று பொலிஸுக்கு வேகமானியைக் காட்டினானாம். வேன் அப்போது நின்றுகொண்டிருந்ததால் முள் பூச்சியத்தில் இருந்தது.

இனி அந்தக் காருக்கு வருகிறேன். ஹாஜியாருக்கு ஒரே மகள், ஷிபானா. பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவள். அவளுக்கு மருதமுனையில் ரிஷாத் என்ற பொடியனைப் பேசியிருந்தார்கள். கட்டாரில் இருந்து திரும்பி வந்து போன் கடை நடத்துகிறவன். நல்ல பிள்ளை. பேச்சு முடிந்து, நாள் குறிப்பது மட்டும்தான் பாக்கி. அந்த நேரத்தில் அவன் கொழும்பில் இருந்து சிவப்பு நிறத்தில் ஒரு பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிக்கொண்டு வந்தான். நம்முடைய பக்கத்தில் கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் குடி போவான். அதனால் அந்தக் கார் ஒருநாள் தன் வீட்டு முற்றத்தில் நிற்கப்போகும் கார் என்ற உரிமையோடு ஹாஜியார் அதன் போனெட்டைத் திறந்தார். உள்ளே எஞ்சின் இல்லை.

“மகன், எஞ்சினக் கழட்டி எங்க வெச்சிரிக்காய்?”

“கழட்டல்ல மாமா. சீட்டுக்குப் பின்னுக்கு இரிக்கி.”

“அப்ப இதுக்குள்ள என்ன இரிக்கி?”

“ஸ்பெயார் சில்லு மாமா.”

“ஸ்பெயார் சில்ல முன்னுக்கு வெச்சி எஞ்சினப் பின்னுக்கு வெச்சவன் ஆரு?” என்று கேட்டுவிட்டு ஹாஜியார் போனெட்டை மூடினார். அந்தக் கார் அவருடைய மனதில் இருந்து இறங்கியது அந்த நிமிசத்தில்தான்.

ஆனாலும் மருமகனாக வரப்போகிறவனின் கார் அல்லவா. டயர் நாலும் தேய்ந்திருந்ததால் அதே அளவில் புது டயர் கொழும்பில் இருந்து எடுப்பித்தார். டயர் வந்து சேர்ந்த நாளில் நான் லீவு. வேறு ஆளைத் தொடவிடாமல், சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, பல வருசத்துக்குப் பிறகு தன் கையாலேயே பூட்டினாராம். கடைப் பொடியன்மார் சுற்றி நின்று போட்டோ எடுத்தார்களாம்.

அந்தக் காரில் முன் டயர் நூற்றெண்பத்தைந்து, பின் டயர் இருநூற்றைந்து. டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் முதல் இலக்கம் அது, டயரின் அகலத்தைச் சொல்வது. அடுத்த இலக்கம், அந்த அகலத்துக்கு டயரின் பக்கச்சுவர் எத்தனை வீதம் உயரம் என்று சொல்லும். அகலம் கூடின பின் டயருக்கு அந்த வீதத்தைக் குறைத்துக் கொடுத்திருப்பார்கள். அதனால் முன்னும் பின்னும் நிற்கும் உயரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். பக்கத்தில் இருந்து பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. ஹாஜியாருக்குத் தெரிந்தது. அகலமான ரிம் பின்னுக்கும் ஒடுக்கமான ரிம் முன்னுக்கும் இருப்பதைக் கண்டு, கொழும்புக்காரன் எவனோ பொடியனை ஏமாற்றிவிட்டான் என்று முடிவு செய்தார். புது டயரைப் பூட்டி, ரிம்மோடு இடம் மாற்றி, அகலமானதை முன்னுக்கு வைத்து முறுக்கிவிட்டார். நட்டும் பொருந்தியது, சில்லும் எங்கேயும் உரசவில்லை. உரசியிருந்தால் அன்றைக்கே விசயம் முடிந்திருக்கும்.

மழை தொடங்கியது. முதல் தூறலிலேயே காரைதீவுப் பக்கத்து வளைவில் கார் கிறுகி, வந்த பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதை யாரும் காணவில்லை. அடுத்த தரம் வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து சனம் வெளியே வரும் நேரம். ரிஷாத் கடற்கரை வீதியில் இருந்து மெதுவாகத்தான் வந்து திரும்பினான். பள்ளி வாசலில் இத்தனை பேரைக் கண்டதும் எக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்தான். கால் எடுத்ததும் காரின் பின்பக்கம் தனியாகப் புறப்பட்டு ஓரத்தில் இருந்த இளநீர்க் குவியலில் போய் உட்கார்ந்தது. ஆளுக்கு ஒரு சேதமும் இல்லை. ஆனால் இளநீரெல்லாம் உருண்டு வந்து, தொழுதுவிட்டு வந்த சனம் சாரனைத் தூக்கிக்கொண்டு துள்ளியது. கடைசியாக வெளியே வந்த ஹாஜியார் படியில் நின்று முழுவதையும் பார்த்தார்.

இரண்டு நாள் கழித்து ஷிபானா ஸ்கூட்டியில் கடைக்கு வந்தாள். ஹாஜியார் ளுஹர் தொழப் போகும் நேரம் பார்த்துத்தான் வந்திருந்தாள்.

“காக்கா, வாப்பா ‘பாப்பம்’ எண்டு சொல்லிட்டார்.”

நம்முடைய ஊரில் கலியாணப் பேச்சில் “பாப்பம்” என்றால் இல்லை என்று அர்த்தம்.

“என்னத்துக்காம் புள்ள?”

“கார நேரா ஓட்டத் தெரியாதவன் குடும்பத்த எப்பிடி ஓட்டுவான் எண்டு கேக்கிறார். அவன்ட கையில நிதானமில்லையாம். காக்கா, அவர் நிதானமான ஆள். முட்டையக் கொண்டு போறமாதிரித்தான் ஓட்டுவார். நான் இந்தக் கலியாணத்த விடமாட்டன். நீங்க அந்தக் காரப் பாருங்க.”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லிவிட்டு இருந்திருப்பேன். அவள் என்னை முறைத்துக்கொண்டு நின்றாள், அதனால் போனேன்.

ரிஷாத்தின் வீட்டில் காரைக் கண்டதும் எனக்கு விளங்கிவிட்டது. முன்னுக்கு இருநூற்றைந்து, பின்னுக்கு நூற்றெண்பத்தைந்து. நான் வாய் திறக்கும் முன் அவனே சொன்னான்.

“தெரியும் காக்கா. கதவத் துறந்தா உள்ளுக்கு ஸ்டிக்கர் ஒட்டியிரிக்கி. எது முன்னுக்கு, எது பின்னுக்கு எண்டு அதில எழுதியிரிக்கி.”

“தெரிஞ்சிம் ஏன்டா சொல்லல்ல?”

“மாமா அவர்ட கையால போட்டவர். அவருக்கு நான் எப்பிடிப் பிழ எண்டு சொல்ற? நாளைக்கு அவர்ட வீட்டுக்குத்தானே நான் போகோணும்.”

“அப்ப களவா மாத்திப் போட்டிரிக்கலாமே.”

“ஒவ்வொரு நாளும் கட வாசல்ல நிண்டு, நான் போகக்குள்ள டயரப் பாத்துச் சிரிக்கிறார் காக்கா. மாத்தினா அண்டைக்கே கண்டிடுவார்.”

அவன் சொன்னது சரிதான். நான் என்ன பெரிய வீரனா? எனக்கும் ஹாஜியாரிடம் போய் சொல்லத் தைரியம் இல்லை. ரிஷாத்தைப் பார்க்க எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. மரியாதைக்காக ஒருவன் ஒவ்வொரு நாளும் உயிரைப் பிடித்துக்கொண்டு கார் ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

வழியைக் கண்டுபிடித்தது ஷிபானாதான். “வாப்பாக்கு வாயால சொன்னா ஏறாது. அவரே ஓட்டோணும்” என்றாள். அன்றைக்கு வீட்டில் சாப்பாட்டு நேரத்தில், “அவருக்கு ஓட்டத் தெரியா எண்டா நீங்களே ஒருக்கா ஓட்டிக் காட்டுங்களன் வாப்பா” என்று ஒரு வார்த்தை விட்டாளாம். ஹாஜியார் அதற்காகவே காத்திருந்தவர் போல எழும்பிவிட்டார்.

சம்மாந்துறைப் பக்கம் ஹாஜியாரின் தம்பிக்கு ஓர் அரிசி ஆலை இருக்கிறது. அவித்த நெல் காயப்போடுவதற்காகப் பெரிய சீமெந்துக் களம். அறுவடைக் காலம் இல்லாததால் களம் வெறுமையாகக் கிடந்தது. தண்ணீர் ஓடுவதற்காக ஒரு பக்கம் லேசான சரிவு, சரிவின் முடிவில் ஆலையில் இருந்து கொட்டிய உமிக் குவியல். களத்தின் நடுவில் ஒரு வெறும் பீப்பாயை வைத்தேன். ஷிபானா குழாயைப் பிடித்துக் களத்தை நனைத்தாள். காரைக் கொண்டுவந்து கொடுத்த ரிஷாத் ஓரமாக நின்றான். ரெண்டு பேர் இருக்கும் காரில் ஹாஜியார் சாரதி, நான் பக்கத்தில். கலிமாவை மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் ஏறினேன்.

“மகன், பாத்துக்க. ஸ்டியரிங்க இப்பிடிப் பிடிக்கோணும்” என்று யன்னலால் சத்தம் போட்டுவிட்டு ஹாஜியார் பீப்பாயைச் சுற்றத் தொடங்கினார். முதல் சுற்று நன்றாகப் போனது. அடுத்த சுற்றில் கொஞ்சம் வேகம் கூட்டினார். காரின் மூக்கு பீப்பாயை நோக்கி வெடுக்கென்று போனது. ஹாஜியார் பயந்து காலை எடுத்தார். அவ்வளவுதான். ஆலை, ஷிபானா, தென்னை, உமி, மறுபடியும் ஆலை எல்லாம் என்னைக் கடந்து போயின. கார் நின்றபோது ஹாஜியாரின் தொப்பி என் மடியில் கிடந்தது.

அவர் ஸ்டியரிங்கை விடாமலே என் பக்கம் திரும்பினார். “மஜீது, ரோட்டு பிழ” என்றார்.

“இது ரோட்டில்ல ஹாஜியார். உங்கட தம்பிட களம்.”

“அப்ப களம் பிழ.”

“சும்மா ஒரு பரிசோதனைக்கு, சில்ல மாத்திப் பாப்பமா?”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் என் வேலை ஊசலாடியது. பிறகு தொப்பியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, “மாத்து” என்றார்.

மாற்றினேன். ஜாக் வைக்கும் முன், சில்லு நிலத்தில் நிற்கும்போதே நட்டை இளக்க வேண்டும். தூக்கிய பிறகு இளக்கப் போனால் சில்லு கூடவே சுற்றும். பூட்டும்போது வட்டமாக ஒன்றன் பின் ஒன்றாக முறுக்கக் கூடாது. ஒன்றை முறுக்கினால் அடுத்தது அதற்கு எதிரே இருப்பது. ஒரே மூச்சில் இறுக்காமல், முதலில் கையால், பிறகு கொஞ்சம், இறக்கிய பிறகு முழுவதும். காற்றையும் கதவில் எழுதியிருந்தபடி முன்னுக்குக் குறைத்துப் பின்னுக்குக் கூட்டினேன். ஹாஜியார் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு என் ஒவ்வொரு நட்டையும் பார்த்துக்கொண்டு நின்றார். ஒன்றிலும் குறை கண்டுபிடிக்க முடியாதது அவருக்குக் கவலையாக இருந்தது.

மறுபடியும் ஏறினோம். அதே பீப்பாய், அதே ஈரம். வேகம் கூடியபோது இந்தத் தரம் மூக்கு உள்ளே பாயவில்லை. வட்டம் கொஞ்சம் அகலமானது, இவ்வளவுதான் ஏலும் என்று கார் பணிவாகச் சொன்னது. ஹாஜியார் மெதுவாகக் காலை எடுத்தார். கார் தானாகவே வட்டத்துக்குத் திரும்பி வந்தது.

பொடியன்மார் கேட்ட காரணம் இதுதான். வளைவில் நாலு டயரும் நிலத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பின் டயரை விட முன் டயரின் பிடி மிஞ்சினால் மூக்கு உள்ளே போகும், வால் வெளியே வரும். பின் டயரின் பிடி கூடினால் மூக்குத்தான் முதலில் வழுக்கும். அதைச் சாரதி கண்ணால் காண்பான், வேகத்தைக் குறைத்தால் போதும். எஞ்சின் பின்னுக்கு இருக்கும் காரில் பாரமும் பின்னுக்குத்தான். பின் கரியரில் அரிசி மூட்டை கட்டிய சைக்கிளை வேகமாகத் திருப்பிப் பார்த்தவனுக்கு நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. வளைவில் காலைச் சட்டென்று எடுத்தால் பாரம் முன்னுக்குச் சாயும், பின் டயரின் பிடி இன்னும் தளரும். அங்கே ஒடுக்கமான டயர் இருந்தால் இளநீர்க் குவியல்தான்.

ஹாஜியார் காரை விட்டு இறங்குவதாக இல்லை. சுற்றினார், சுற்றினார், எனக்குத் தலை சுற்றும் வரை சுற்றினார். அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் கிட்டத்தில் இருந்து பார்த்தேன். கடைசியில் களத்தின் ஓரத்தில் நிறுத்தி இறங்கினார். நானும் இறங்கினேன். எல்லாரும் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“வண்டிக்கு எஞ்சின் எங்க இரிக்கோ அதுதான் முன்” என்றார் ஹாஜியார். “இந்த வண்டிக்கு முன், பின்னுக்கு இரிக்கி. நல்லது முன்னுக்கு எண்டுதான் நான் எப்பவும் சொல்ற. இப்ப சரியா இரிக்கி.”

“ஓம் ஹாஜியார்” என்றேன். வேறு என்ன சொல்வது?

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. அவர் ரிஷாத் பக்கம் திரும்பினார்.

“உனக்கு இது தெரியுமா?”

ரிஷாத் தலையைக் குனிந்தான். “ஓம் மாமா.”

“எப்ப இருந்து?”

“நீங்க போட்ட அண்டையில இருந்து.”

“தெரிஞ்சிக்கிட்டா இத ஓட்டித் திரிஞ்சாய்? நான் போட்டனெண்டா?” ஹாஜியாரின் குரல் உடைந்துவிட்டது. “என்ட புள்ளையக் கட்டப் போறவன், எனக்கு மரியாத குடுக்கிறத்துக்காக உசிர விடுவியா? அவள் விதவையா இத்தா இருக்கோணுமா? உன்ட மரியாத எனக்குத் தேவல்ல. இனிமே நான் பிழ செஞ்சா மூஞ்சிக்கி நேர சொல்லோணும். அந்த இடத்திலயே சொல்லோணும். விளங்கிச்சா?”

“ஓம் மாமா.”

“ஓம் ஓம் எண்டாதே. சொல்லுவியா, மாட்டியா?”

ரிஷாத் ஒருதரம் அவரைப் பார்த்தான், ஒருதரம் அவருக்குப் பின்னால் பார்த்தான்.

“மாமா… நீங்க ஹேண்ட் பிரேக் போடல்ல.”

திரும்பிப் பார்த்தோம். சிவப்புக் கார் ஒரு சத்தமும் இல்லாமல் சரிவில் பின்னுக்குப் போய்க்கொண்டிருந்தது. யாரும் ஓடிப் பிடிக்கும் முன், இருநூற்றைந்து டயர் ரெண்டும் முதலில் போக, கதவு வரைக்கும் உமிக்குள் புதைந்து நின்றது. உமி புகையாக எழும்பி எங்கள் எல்லாருடைய தலையிலும் இறங்கியது. ஹாஜியாரின் வெள்ளை உடுப்பில் வெள்ளையான இடம் ஒன்றும் மிஞ்சவில்லை.

ஷிபானா குழாயைக் கீழே போட்டுவிட்டு ரிஷாத்தின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். ஹாஜியார் மெதுவாகத் தொப்பியைக் கழற்றி, உமியைத் தட்டி, மறுபடியும் போட்டுக்கொண்டார்.

“சொல்றத்துக்குக் கொஞ்சம் பிந்துறான்” என்று மகளிடம் சொன்னார். “ஆனா சொல்றான். நாளைக்கு அவன்ட உம்மா வாப்பாவ வரச் சொல்லு, நாள் குறிப்பம்.”